ஃபார்மட் பண்ணிடாதீங்க... ப்ளீஸ்!

வழக்கமா இந்தப் பக்கத்துல கலாட்டாதான் ஜாஸ்தியா இருக்கும். இந்த வாரம் கொஞ்சம் கம்மி. ஏன்னா, இது என் சொந்த சோகக் கதை. (பயப்படாதீங்க, முடிவு பாதி ஹேப்பி எண்டிங்!)

பொங்கல் லீவு. இடம், எங்க ஊர் தா.பழூர். ஜெயங்கொண்டத்துல பஸ் ஏறி கும்பகோணம் போனீங்கன்னா, கொள்ளிடத்தைத் தாண்டுறதுக்கு முன்னாடி ஜன்னல்ல வந்துட்டுப் போகுமே, அதே ஊர். ஹாலில் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். ஸ்டூல் மேல என் பழைய லேப்டாப். பக்கத்துல ஒரு டெராபைட் எக்ஸ்டெர்னல் ஹார்டு டிஸ்க். ஹாஸ்டல் தோழிகிட்டேயிருந்து வாங்கிட்டு வந்த படங்களை அதுக்குள்ள காப்பி பண்ணிட்டிருந்தேன். அத்தை பையன், நாலாவது படிக்கிற வாண்டு, கரும்பைக் கையில பிடிச்சுக்கிட்டு ஃபுல் ஸ்பீடுல ஓடி வந்தான். கால்ல ஒயர் மாட்டிச்சு. டிஸ்க் தரையில 'டொக்'.

திரும்ப மாட்டினேன். லைட் எரிஞ்சுது. அப்பாடான்னு பெருமூச்சு விடுறதுக்குள்ள ஸ்க்ரீன்ல ஒரு பெட்டி: 'யூ நீட் டு ஃபார்மட் த டிஸ்க் இன் டிரைவ் ஈ பிஃபோர் யூ கேன் யூஸ் இட்.' கீழே ரெண்டு பட்டன். ஒண்ணு ஃபார்மட், இன்னொண்ணு கேன்சல்.

இந்தப் பெட்டியைப் பார்த்திருக்கீங்களா? பார்க்கலைன்னா இந்த வருஷமோ அடுத்த வருஷமோ பார்ப்பீங்க. அன்னிக்கு இந்தக் கட்டுரை ஞாபகம் வந்தா போதும்!

அந்த டிஸ்க்ல என்ன இருந்துச்சு?

நாலு செமஸ்டர் நோட்ஸ். அது போனா போகட்டும், ஜெராக்ஸ் கடையில கிடைக்கும். சர்வே கேம்ப் போட்டோ. அது கிளாஸ்ல நாற்பது பேர்கிட்ட இருக்கு. ஆனா 'அப்பாயி'ன்னு ஒரு ஃபோல்டர் இருந்துச்சு. உள்ளே அஞ்சே அஞ்சு எம்பி3 ஃபைல்.

2020 லாக்டவுன்ல நான் பத்தாவது வகுப்புக்குப் போற வயசு. பள்ளிக்கூடம் கிடையாது, பொழுது போகலை. எங்க அப்பாயி சின்ன வயசுல கொள்ளிடக்கரை வயல்கள்ல நடவுக்குப் போனவங்க. திண்ணையில உட்கார்ந்து நடவுப் பாட்டு பாடுவாங்க. அதை அப்பாவோட பழைய போன்ல ரெக்கார்டு பண்ணினேன். நடுநடுவுல கோழி கத்தும், தெருவுல டி.வி.எஸ். ஃபிஃப்டி போகும், அப்பாயி பாட்டை நிறுத்திட்டு ''பாப்பா, இன்னுமா ஓடுது அது?''ன்னு கேட்பாங்க. அப்பாயி போய் ரெண்டு வருஷம் ஆச்சு. அந்த போனும் செத்துப் போச்சு. வேற காப்பி கிடையாது.

ஏன் கிடையாது? பண்ணலை. அவ்ளோதான். இன்ஜினீயரிங் படிக்கிற பொண்ணு, 'அப்புறம் பார்த்துக்கலாம்'னு விட்டுட்டேன். இதுக்கு மேல என்னத்தைச் சொல்ல!

ஊரே டாக்டர்!

நியூஸ் பரவின அஞ்சாவது நிமிஷம் ஆலோசனை மழை. சித்தப்பா: ''அதான் அதுவே ஃபார்மட்னு கேட்குதே, குடுத்துடு. சரியாயிடும்.'' கிளாஸ் குரூப்ல ஒருத்தன்: ''செக்டிஸ்க் போடு மச்சி, நான் எப்பவும் அதான் பண்ணுவேன்.'' இன்னொருத்தி ஏதோ ஒரு ரெக்கவரி சாஃப்ட்வேர் லிங்க் அனுப்பி, ''இதை அந்த டிஸ்க்லயே இன்ஸ்டால் பண்ணு''ன்னாள். அத்தை மட்டும்தான் உருப்படியா ஒண்ணு சொன்னாங்க: ''கொஞ்ச நேரம் சும்மா வெச்சுட்டு சாப்பிட வா.''

நான் சாப்பிடப் போகலை. செக்டிஸ்க் கமாண்டை டைப் பண்ணிட்டு என்டர் கீ மேல விரலை வெச்சுட்டேன். அந்த நேரம் பார்த்து, நான் ஏற்கெனவே ட்ரை பண்ணியிருந்த ஜெயங்கொண்டம் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை அண்ணன் திரும்பக் கூப்பிட்டார். விஷயத்தைச் சொன்னதும் அவர் கேட்ட முதல் கேள்வி, ''பாப்பா, டிஸ்க் டக்கு டக்குன்னு சத்தம் போடுதா?''

''இல்லைண்ணே.''

''நல்லது. மொதல்ல ஒயரைக் கழட்டு. எதையும் அமுக்காதே. அழிஞ்சது உன் பாட்டு இல்லை, அதோட அட்ரஸ்.''

அந்தக் கடைசி வாக்கியத்தை மூணு நாளா மனசுக்குள்ள ஓட்டிக்கிட்டே இருந்தேன். அதுக்கு என்ன அர்த்தம்னு புரிஞ்சுட்டா மீதி எல்லாம் ஈஸி.

வயல் அங்கேயேதான் இருக்கு!

நான் படிக்கிறது சிவில். அதனால எங்க ஊர் பாஷையிலயே சொல்றேன். ஒரு டெராபைட் டிஸ்க்குங்கிறது கிட்டத்தட்ட 195 கோடி குட்டிக் குட்டி வயல். ஒவ்வொண்ணுக்கும் 512 பைட். 'செக்டார்'னு பேரு. உங்க பாட்டு, படம், அசைன்மென்ட் எல்லாம் இந்த வயல்கள்ல விதைச்சிருக்கு. எந்த சர்வே நம்பர்ல யாரோட பயிர் இருக்குன்னு டிஸ்க்குக்குத் தெரியாது. அதைச் சொல்ற பதிவேடு தனியா, அந்த டிஸ்க்லயே ஒரு மூலையில இருக்கும். அதுதான் ஃபைல் சிஸ்டம்.

விண்டோஸ் பயன்படுத்துற என்.டி.எஃப்.எஸ். முறையில ரெண்டு விஷயம் முக்கியம். ஒண்ணு, பூட் செக்டார். அது வி.ஏ.ஓ. ஆபீஸ் வாசல் போர்டு மாதிரி. 'பதிவேடு இந்த அலமாரியில இருக்கு'ன்னு காட்டும். இன்னொண்ணு, மாஸ்டர் ஃபைல் டேபிள். அதுதான் சிட்டா, அடங்கல் எல்லாம். ஒவ்வொரு ஃபைலுக்கும் பேரு, தேதி, எந்தெந்த வயல்னு ஒரு கே.பி. அளவுக்கு ஒரு பதிவு.

ஒருநாள் வி.ஏ.ஓ. ஆபீஸ் தீப்பிடிச்சு எரிஞ்சு போச்சுன்னு வெச்சுக்குங்க. கொள்ளிடக்கரை வயல் காணாமப் போயிடுமா? வரப்பு அங்கேயே இருக்கும், நெல் அங்கேயே நிற்கும். யாருது எதுன்னு சொல்ல ஆளில்லை, அவ்ளோதான். டிஸ்க் எழுதிட்டிருக்கிறப்ப ஒயரைப் பிடுங்கினா நடக்கிறது இதான். பதிவேட்டைப் படிக்க முடியாத விண்டோஸ், 'எனக்கு ஒண்ணும் புரியலை, புதுசா ஒரு பதிவேடு போட்டுடவா?'ன்னு கேட்குது. அதுக்குப் பேருதான் ஃபார்மட்!

இப்போ ஊர் சொன்ன மருந்தை எல்லாம் திரும்பிப் பாருங்க. குயிக் ஃபார்மட் குடுத்தா, பழைய பதிவேடு இருந்த இடத்துல வெள்ளைப் பதிவேடு வந்து உட்கார்ந்துடும். வயல் அப்பவும் தப்பிக்கும், ஆனா கொஞ்ச நஞ்சமிருந்த துப்பும் குறையும். 'குயிக்' டிக்கை எடுத்துட்டு முழு ஃபார்மட் குடுத்தா கதை முடிஞ்சுது. விஸ்டாவுக்கு அப்புறம் வந்த விண்டோஸ் எல்லாமே முழு ஃபார்மட்ல டிஸ்க் பூராவும் பூஜ்யத்தை எழுதிடும். டிராக்டர் விட்டு மொத்த ஊரையும் உழுத மாதிரி.

செக்டிஸ்க்? அது கெட்டவன் இல்லை. ஆனா அதோட வேலை, பதிவேட்டுக்குள்ள கணக்கு டேலி ஆகணும்ங்கிறது மட்டும்தான். கணக்கு இடிக்குதுன்னா பதிவையே அடிச்சுட்டுப் போயிடும். மீதித் துண்டுகளை பேரில்லாம ஒரு ஃபோல்டர்ல கொட்டி வைக்கும். ரெக்கவரி சாஃப்ட்வேரை அதே டிஸ்க்ல இன்ஸ்டால் பண்றது? பதிவேடு இல்லாத ஊர்ல, காலி நிலம்னு நினைச்சு அடுத்தவன் வயல்ல நாத்து நடுறது. அப்பாயியோட குரல் இருந்த வயலா அது இருந்தா?

அதனால முதல் விதி: கையைக் கட்டிக்கிட்டு உட்காருங்க. டிஸ்க் அடிபட்டதால மட்டும் இல்லை, அடுத்த அரை மணி நேரத்துல நாம பதறிக்கிட்டுப் பண்றதாலயும் டேட்டா போகும்.

மூணு ராத்திரி

சர்வீஸ் கடை அண்ணன் சொன்ன ரெண்டாவது விதி: ஒரிஜினல்ல கை வைக்காதே, நகல்ல வேலை செய்.

இங்கே நகல்னா ஃபைலை காப்பி-பேஸ்ட் பண்றது இல்லை. 195 கோடி செக்டாரையும் வரிசையா, அப்படியே இன்னொரு டிஸ்க்ல ஒரே பெரிய ஃபைலா படியெடுக்கிறது. 'இமேஜ்'னு சொல்வாங்க. அதுக்கு நான் பயன்படுத்தினது லினக்ஸ்ல ஓடுற 'ஜி.என்.யூ. டிடிரெஸ்க்யூ'. அன்டோனியோ டயஸ் டயஸ்னு ஒருத்தர் எழுதி, இலவசமாவே குடுத்திருக்கார். லினக்ஸை பென் டிரைவ்ல போட்டு, அதுலேயிருந்தே லேப்டாப்பை பூட் பண்ணிக்கலாம். ஏன் லினக்ஸ்? விண்டோஸ்ல மாட்டினாலே 'ஃபார்மட் பண்ணவா, சரி பண்ணவா'ன்னு அது மூக்கை நுழைக்கும்.

சீனியர் அக்கா ஒருத்தங்ககிட்ட ரெண்டு டெராபைட் டிஸ்க் கடன் வாங்கினேன். (திருப்பிக் குடுக்கிறப்ப கைப்பை நிறைய முந்திரி. எங்க ஏரியா ஸ்பெஷல்!) ஒரு சின்ன டிப்ஸ்: படியெடுக்கிற டிஸ்க் ஃபேட்32 முறையில இருந்தா வேலைக்கு ஆகாது. அதுல ஒரு ஃபைல் நாலு ஜி.பி.யைத் தாண்ட முடியாது.

டிடிரெஸ்க்யூவோட சாமர்த்தியம் என்னன்னா, படிக்கக் கஷ்டப்படுற இடத்துல முட்டிக்கிட்டு நிற்காது. தாண்டிப் போயிடும். நல்ல இடத்தை எல்லாம் முதல்ல வாரிக்கிட்டு, கடைசியில திரும்பி வந்து கெட்ட இடத்துல கொஞ்சம் கொஞ்சமா சுரண்டும். நாமளும் எக்ஸாம்ல இதைத்தானே பண்றோம்? தெரிஞ்ச கேள்வி முதல்ல! எதுவரைக்கும் முடிஞ்சுதுன்னு ஒரு 'மேப்' ஃபைல்ல குறிச்சுக்கிட்டே வரும்.

அந்த மேப்தான் என்னைக் காப்பாத்துச்சு. என் லேப்டாப் பேட்டரி எப்பவோ செத்துடுச்சு, சார்ஜர்லதான் ஓடும். முதல் ராத்திரி ரெண்டரை மணிக்கு கரன்ட் கட். லேப்டாப் பொசுக்குன்னு அணைஞ்சுது. இருட்டுல உட்கார்ந்து அழுதேன்னு சொன்னா நம்புவீங்களா? கரன்ட் வந்ததும் அதே கமாண்டைத் திரும்பக் குடுத்தேன். விட்ட இடத்துலேயிருந்து ஜம்முனு தொடர்ந்துச்சு. (மேப் ஃபைலை நகல் எடுக்கிற டிஸ்க்லயே சேமிச்சிருந்தேன். பென் டிரைவ் லினக்ஸோட நினைவுல விட்டிருந்தா அதுவும் கரன்ட்டோட போயிருக்கும். உஷார்!)

ரெண்டாவது ராத்திரி முடியறப்ப ரிசல்ட்: படிக்கவே முடியாத இடம் மொத்தம் 212 கே.பி. ஒரு டெராபைட்ல அது கடுகு. ஆடிப்பாடினேன். அவசரப்பட்டுட்டேன்.

மூணாவது ராத்திரி 'டெஸ்ட்டிஸ்க்'. ஃபிரான்ஸைச் சேர்ந்த கிறிஸ்டோஃப் கிரெனியே எழுதினது, இதுவும் இலவசம். நகலைத் திறந்ததும் சொல்லிடுச்சு, பூட் செக்டார் காலி. ஆனா என்.டி.எஃப்.எஸ். கெட்டிக்காரத்தனமா அந்த வாசல் போர்டோட இன்னொரு காப்பியை பார்ட்டிஷனோட கடைசி செக்டார்ல ஒளிச்சு வெச்சிருக்கும். அந்தக் காப்பி நல்லா இருந்துச்சு. அதை எடுத்து நகலோட முன்பக்கத்துல எழுதச் சொன்னேன். ஒரு செகண்ட். ஃபோல்டர் எல்லாம் வரிசையா வந்து நின்னுச்சு! நோட்ஸ், சர்வே கேம்ப், படங்கள்...

'அப்பாயி' ஃபோல்டரும் இருந்துச்சு. திறந்தேன். உள்ளே ஒண்ணுமே இல்லை.

அந்தக் கடுகு எங்கே விழுந்திருக்குன்னு அப்பதான் புரிஞ்சுது. 212 கே.பி.யில ஒரு பகுதி பதிவேட்டுக்கு உள்ளேயே விழுந்திருக்கு. ஒரு பதிவுக்கு ஒரு கே.பி.ன்னு சொன்னேனில்லை? அந்தக் கிழிசல்ல போன பதிவுகள்ல என் அஞ்சு பாட்டும் சேர்த்தி.

வரப்பைப் பிடிச்சு நடந்து போ!

பதிவேடே இல்லைன்னா ஒரு சர்வேயர் என்ன பண்ணுவார்? வயல்ல இறங்கி நடப்பார். வரப்பு எங்கே ஆரம்பிக்குது, எங்கே முடியுதுன்னு பார்ப்பார். டேட்டா ரெக்கவரியிலயும் இதே வேலை உண்டு. ஒவ்வொரு வகை ஃபைலுக்கும் ஆரம்பத்துல ஒரு அடையாளம் இருக்கும். ஜேபெக் போட்டோன்னா எப்பவும் 'எஃப்எஃப் டி8 எஃப்எஃப்'ங்கிற மூணு பைட்ல ஆரம்பிக்கும். எம்பி3-க்கும் அந்த மாதிரி தனி அடையாளம் இருக்கு. டெஸ்ட்டிஸ்க் கூடவே வர்ற 'ஃபோட்டோரெக்' பதிவேட்டைக் கண்டுக்கவே கண்டுக்காது. முதல் செக்டார்லேயிருந்து கடைசி வரைக்கும் நடந்து, இந்த அடையாளம் தென்படுற இடத்துல எல்லாம் ஃபைலைத் தோண்டி எடுக்கும்.

ஒரே ஒரு கஷ்டம். பேரு வராது! பேரு இருந்தது பதிவேட்டுல, அதுதான் இல்லையே. எஃப்-ன்னு ஆரம்பிச்சு வெறும் நம்பரா மூவாயிரத்துச் சொச்சம் எம்பி3 வந்து குவிஞ்சுது. அதுல தொண்ணூத்தொன்பது சதவீதம் சினிமா பாட்டு.

பேரில்லாத குவியல்லேருந்து ஒண்ணைத் தேடி எடுக்கிற இந்த வேலையை, கரன்ட்டே இல்லாத காலத்துல செஞ்ச ஒருத்தர் இருக்கார். நம்ம உ.வே.சாமிநாதையர். அவர் சின்ன வயசுல தமிழ் படிச்சது எங்க அரியலூர்லயும் பக்கத்துல குன்னத்துலயும்தான். பின்னாடி பத்துப்பாட்டைப் பதிப்பிக்கிறப்ப, குறிஞ்சிப்பாட்டுல பூக்களோட பேர் வரிசையா வர்ற இடத்துல சில வரிகள் காணோம். எந்தச் சுவடியைத் திறந்தாலும் அந்த இடம் காலி. கடைசியில தருமபுரம் ஆதீனத்துல, தலைப்பு எதுவும் இல்லாம சேர்த்துக் கட்டி வெச்சிருந்த உதிரி ஏடுகளைப் புரட்டறப்ப அந்த வரிகள் கிடைச்சுது. 1889-ல் பத்துப்பாட்டு அச்சுல வந்துச்சு. உதிரி ஏடுதானேன்னு யாராவது அந்தக் கட்டை ஆத்துல விட்டிருந்தா? அந்தப் பூக்களோட பேர்ல சிலதை நாம இன்னிக்குப் படிச்சிருக்க முடியாது.

அவருக்கு ஏடு, எனக்கு எம்பி3. மூவாயிரத்தையும் கேட்க முடியாதே? அப்பதான் பல்பு எரிஞ்சுது. சினிமா பாட்டு ஃபைலுக்குள்ள பாடகர், ஆல்பம்னு ஒரு சீட்டு ஒட்டியிருக்கும். நான் போன்ல ரெக்கார்டு பண்ணினதுல அது கிடையாது. பாடகர் பேர் வாரியா வரிசைப்படுத்தினேன். பேர் இல்லாததெல்லாம் ஒரே இடத்துல வந்து நின்னுச்சு. எழுபது ஃபைல் சொச்சம். ஹெட்போனை மாட்டிக்கிட்டு ஒவ்வொண்ணா கேட்க ஆரம்பிச்சேன்.

முப்பத்து நாலாவது ஃபைல். ஒரு கோழி கத்துச்சு.

வானத்திலிருந்து விழுந்த டிஸ்க்

மீதிக் கதைக்கு முன்னாடி ஒரு சின்ன பிரேக். என் டிஸ்க் விழுந்தது ஸ்டூல்லேருந்து. விண்வெளியிலேருந்து விழுந்த டிஸ்க் கதை தெரியுமா?

2003 பிப்ரவரி 1. கொலம்பியா விண்கலம் பூமிக்குத் திரும்புறப்ப அமெரிக்காவோட டெக்சாஸ் வானத்துல சிதறிப் போச்சு. கல்பனா சாவ்லா உட்பட ஏழு பேரும் இறந்துட்டாங்க. அந்தக் கலத்துல செனான் வாயுவைப் பத்தின ஒரு இயற்பியல் பரிசோதனை ஓடிட்டிருந்துச்சு. முடிவுகள்ல கொஞ்சம் பறக்கிறப்பவே பூமிக்கு வந்துடுச்சு. மீதி எல்லாம் அரை ஜி.பி. கூட இல்லாத ஒரு ஹார்டு டிஸ்க்ல. சில மாசம் கழிச்சு, சிதறல்களுக்கு நடுவுல அந்த டிஸ்க் கிடைச்சுது. பார்க்கிறதுக்கு கருகின ஓட்டாஞ்சில்லு மாதிரி இருந்துச்சு.

க்ரோல் ஆன்ட்ராக்ங்கிற டேட்டா ரெக்கவரி கம்பெனிக்கு அது போச்சு. சீல் உருகி உள்ளே தூசி போயிருந்துச்சு. ஆனா டேட்டா எழுதுற வட்டத் தகடு தப்பிச்சிருந்துச்சு. அதைக் கழுவி, வேற டிஸ்க் பெட்டியில மாட்டிப் படிச்சாங்க. 99 சதவீதம் டேட்டா கிடைச்சுது! அந்த ஆராய்ச்சி முடிவு 2008-ல் 'ஃபிசிக்கல் ரிவ்யூ இ' இதழ்ல வெளியாச்சு.

எப்படி முடிஞ்சுது? ரெண்டு அதிர்ஷ்டம். டிஸ்க்ல பாதி இடம் காலி, அடிபட்டது பெரும்பாலும் அந்தக் காலி இடம். அப்புறம், அந்தக் கம்ப்யூட்டர்ல ஓடினது பழைய டாஸ். அது டேட்டாவை அங்கங்கே சிதறடிக்காம பக்கம் பக்கமா எழுதியிருந்துச்சு. அதே கலத்துல இருந்த வேற ரெண்டு டிஸ்க்லேருந்து எதுவுமே எடுக்க முடியலை.

ஸோ, 'டிஸ்க் போச்சு'ன்னு முடிவு கட்டவும் கூடாது. 'எப்படியும் எடுத்துடலாம்'னு மெத்தனமாவும் இருக்கக் கூடாது. ரெண்டுமே இந்தக் கதையிலயே இருக்கு.

கத்தரிச்சு பர்ஸ்ல வெச்சுக்குங்க!

1. ஃபார்மட் கேட்டா கேன்சல். செக்டிஸ்க் வேண்டாம். ஒயரைக் கழட்டுங்க.

2. டக்கு டக்குன்னு சத்தம் வந்தா, திரும்ப மாட்டிப் பார்க்கவே பார்க்காதீங்க. உள்ளே படிக்கிற ஹெட் தகட்டைக் கீறுதுன்னு அர்த்தமா இருக்கலாம். ஒவ்வொரு தடவை ஆன் பண்றப்பவும் கொஞ்சம் டேட்டா பொடியாகும். அது சாஃப்ட்வேர் வேலை இல்லை, தூசியில்லாத அறை வெச்சிருக்கிறவங்க வேலை. செலவு பல ஆயிரத்துல போகும். ஃப்ரிட்ஜ்ல வைக்கிறது, தட்டிப் பார்க்கிறது... வேண்டவே வேண்டாம். வீட்டுல டிஸ்க்கைத் திறக்கவும் கூடாது.

3. சத்தம் இல்லைன்னா முதல்ல இமேஜ். வேலை எல்லாம் நகல்லதான். மீட்கிற ஃபைலை அதே டிஸ்க்ல சேமிக்காதீங்க.

4. முதல்ல டெஸ்ட்டிஸ்க், பேரோட கிடைக்கும். முடியலைன்னா ஃபோட்டோரெக், பேரில்லாம கிடைக்கும்.

5. நான் சொன்னதெல்லாம் சுத்துற ஹார்டு டிஸ்க்குக்கு. லேப்டாப்ல இருக்கிற எஸ்.எஸ்.டி. வேற ஜாதி. அழிச்சாலோ ஃபார்மட் பண்ணினாலோ, 'ட்ரிம்'ங்கிற உத்தரவு போய் அது உள்ளேயே துடைச்சிடும். இப்போதைய போன்ல டேட்டா என்க்ரிப்ட் ஆகித்தான் சேமிப்பாகும், தோண்டி எடுத்தாலும் புரியாது. அங்கே 'வயல் அப்படியே இருக்கு'ங்கிற ஆறுதல் கிடையாது.

6. பீட்டர் க்ரோங்கிற போட்டோகிராஃபர் பிரபலமாக்கின 3-2-1 விதி: மூணு காப்பி, ரெண்டு வேற வேற வகைச் சேமிப்பு, ஒண்ணு வேற இடத்துல. நம்ம பட்ஜெட்ல சொன்னா லேப்டாப், எக்ஸ்டெர்னல் டிஸ்க், ஆன்லைன் டிரைவ். ஹாஸ்டல் ரூம்ல மூணையும் ஒரே பெட்டிக்குள்ள வெச்சுட்டு விதியைக் காப்பாத்திட்டேன்னு சொல்லாதீங்க!

மறுபடியும் அந்தக் கோழி

அஞ்சு ரெக்கார்டிங்ல நாலு முழுசா கிடைச்சுது. அஞ்சாவது ரெண்டு நிமிஷம் போல ஓடி, பாதியில சினிமா பாட்டு வந்துடுது. அந்த ஃபைல் டிஸ்க்ல ரெண்டு இடமா பிரிஞ்சு சேமிச்சிருக்கு. முதல் பாதியோட வரப்பு தெரிஞ்சுது. அடுத்த பாதி எங்கேன்னு சொல்ல வேண்டிய பதிவுதான் கிழிஞ்சு போச்சே! அந்தப் பாட்டோட மீதி யாருக்குத் தெரியும்னு அப்பாகிட்ட கேட்டேன். கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, ''அவங்க செட்டுல இன்னும் ஒரே ஒருத்தங்க இருக்காங்க. கொள்ளிடத்துக்கு அந்தப்பக்கம், மக வீட்டுல''ன்னார். அடுத்த லீவுக்கு அங்கேதான் போறேன். போன் சார்ஜ் போட்டு எடுத்துட்டு!

அன்னிக்கு விடிகாலையில, கிடைச்ச முதல் பாட்டை அப்பாவுக்குப் போட்டுக் காட்டினேன். அவர் ஒண்ணும் சொல்லலை. துண்டை எடுத்துத் தோள்ல போட்டுக்கிட்டார், வயலுக்குக் கிளம்புற மாதிரி. ஆனா கிளம்பலை. பாட்டு முடியற வரைக்கும் வாசல்லயே நின்னார். நடுவுல அப்பாயி பாட்டை நிறுத்திட்டு, ''பாப்பா, இன்னுமா ஓடுது அது?''ன்னு கேட்டாங்க.

ஓடுது அப்பாயி. இப்போ மூணு இடத்துல.

சரி மக்களே, இந்தப் பக்கத்தை மூடறதுக்கு முன்னாடி ஒரு வேலை பண்ணுங்க. உங்க போன்லயோ டிஸ்க்லயோ ஒரே ஒரு காப்பி மட்டும் இருக்கிற, போனா திரும்ப வராத ஃபைல் எது? மனசுல ஒண்ணு வந்துடுச்சுல்ல? அதை இன்னிக்கு ராத்திரி இன்னொரு இடத்துல போட்டுடுங்க. பத்து நிமிஷம்தான் ஆகும். எனக்கு மூணு ராத்திரி ஆச்சு.

அடுத்த வாரம் வழக்கம்போல கலாட்டாவோட சந்திப்போம். வர்ட்டா!